குதிரைகளோடு இரு, மகனே

மகனே,

உன்னை நான் பெறவில்லை. உன்னைப் பெற்றவள் எங்கள் வெள்ளைக் குதிரை. நீ தரையில் விழுந்து எழுந்து நிற்பதற்குள் அவள் கண்ணை மூடிவிட்டாள். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது முடிந்திருந்தது. இப்போது உனக்கு நாலு வயது ஆகப்போகிறது. மட்டக்குதிரைக்கு அது வளர்ந்த பிள்ளையின் வயது. எனக்கு இன்னும் பதினெட்டு நிறையவில்லை. இந்த வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய மகனா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். குதிரைக்கு எவளாவது கடிதம் எழுதுவாளா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். எழுத வரும். தாயில்லாத குட்டி ஒன்றை வீட்டுக்குள் வைத்து வளர்க்கிறவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை மூடி வைக்காமல் எழுதுகிறேன்.

நீ பிறந்தது புதுவயலில், அரிசி ஆலைகளுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தகரக் கொட்டகையில். வெள்ளைத் தாய்க்குக் கன்னங்கறுப்பாக ஒரு குட்டி. வளர வளர வெளுக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். ஆனால் அன்று அவர் உன்னைத் திரும்பிப் பார்க்கும் நிலையில் இல்லை. காரைக்குடிப் பக்கத்தில் கல்யாணத்துக்கும் சடங்குக்கும் குதிரை வேண்டுமென்றால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பிழைப்பு முழுவதும் உன் தாயின் முதுகில் இருந்தது. அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆலையில் மூட்டை தூக்கும் ஒருவர் உன்னைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது தங்காதுண்ணே. பால் காட்டாம விட்டுருங்க, தானா அடங்கிரும். வளக்குறேன்னு ஆசப்பட்டு அப்பறம் பறிகுடுக்காதீக" என்றார். அப்பா சரி என்பதுபோலத் தலையாட்டினார். அப்போது நீ நடுங்குகிற காலோடு வந்து என் பாவாடை நுனியைக் கவ்விச் சப்பத் தொடங்கினாய். "குடிக்கிதுப்பா! வாய் வச்சுக் குடிக்கிது!" என்றேன். அத்தனை பேர் கேட்க நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அப்பாவே திடுக்கிட்டுத் திரும்பினார்.

கால்நடை டாக்டரம்மா போனில் வழி சொன்னார். பசும்பாலில் தண்ணீர் சேர்த்து இளக்கி, கொஞ்சம் சர்க்கரை போட்டு, வெதுவெதுப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். ஆட்டுப்பால் கிடைத்தால் இன்னும் நல்லது. பக்கத்து வீட்டுச் சவரியம்மா அத்தையிடம் ஆடுகள் இருந்தன. செம்பில் பாலைக் கொண்டுவரும்போதெல்லாம் வாயையும் கூடவே கொண்டுவருவார். "ஏத்தா, கல்யாணத்துக்கு முந்தியே தலச்சன் ஆம்பளப் பிள்ளையா! பிள்ள யாரு சாட? மூஞ்சி நீட்டத்தப் பாத்தா ஒங்கப்பன் சாடதான்." என் அம்மா ஆலையில் தவிடு கூட்டிவிட்டு வந்த அலுப்போடு, "ஏன், ஒங்க ஆட்டுப்பாலக் குடிக்கிறவன்தான மதினி? தாடையப் பாருங்க, ஒங்க வீட்டுக் கெடா மாதிரியே இருக்கு" என்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு உனக்குப் பாட்டிலைப் பிடித்திருப்பேன். ஆனால் அவர்கள் "ஒன் மகன், ஒன் மகன்" என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அப்படித்தான் நீ என் மகனானாய்.

எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் பயம். படிப்பு வராமல் இல்லை. வருகை எடுக்கும்போது "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வாய் எழும்பாது. முன்னால் உட்காருகிற பிள்ளை எனக்காகச் சொல்லுவாள். அவள் வராத நாளில் நான் இருந்தும் இல்லாதவள். நீ பிறந்த வாரம் லீவு போட்டேன். பிறகு உனக்கு வயிற்றுப்போக்கு வந்தது, அதற்குக் கொஞ்ச நாள். பிறகு பரீட்சை வந்து போய்விட்டது. "குதிரைக்குப் பால் குடுக்கணும்னு ஒருத்தி படிப்ப விடுவாளா? வெளிய சொன்னா காறித் துப்புவாக" என்று அம்மா அழுதாள். டீச்சர் வீடு தேடி வந்தபோது நான் உன் கழுத்துக்குப் பின்னால் நின்றேன். நீ அவருடைய கைப்பையை மோந்து பார்த்தாய். ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உனக்காக நான் படிப்பை விடவில்லை. விடுவதற்கு ஒரு சாக்காக நீ கிடைத்தாய், அவ்வளவுதான். "எல்லாம் உனக்காகத்தான்" என்று பெற்றவர்கள் பிள்ளைகளிடம் சொல்வதில் பாதி இப்படித்தான் இருக்கும். அந்தப் பாரத்தை நீ சுமக்க வேண்டாம். மலையில் ஏற்றுகிற மூட்டைகளைச் சுமந்தால் போதும்.

உன் இனமே சின்னது. உன் முதுகு என் நெஞ்சு உயரம்கூட வராது. ஆனால் குளம்பு கருங்கல். லாடம் இல்லாமலே ஜல்லி ரோட்டில் நடப்பாய். பச்சை என்பதே கண்ணில் படாத சித்திரையில் காய்ந்த வைக்கோலும் ஒரு கை தவிடும் உனக்குப் போதும். மழையோ வெயிலோ உன்னை ஒன்றும் செய்ததில்லை. இல்லாதிருந்தது ஒன்றுதான்: உன்னைச் சுற்றி இன்னொரு குதிரை இல்லை. உன் தாய்க்குப் பிறகு அப்பா வேறு வாங்கவில்லை. நீ வளர்ந்து வரட்டும் என்று லாரிக்கு மூட்டை ஏற்றப் போனார். நீ அடுப்படிவரை வருவாய். இட்லித் தட்டைத் திறந்தால் தலையை நீட்டுவாய். டீக்கடைக்காரர் உனக்கென்று டீயை ஆற்றிக் கிண்ணத்தில் வைப்பார். கொட்டகையில் தனியாகக் கட்டினால் கனைத்துத் தெருவையே எழுப்புகிறாய் என்று நான் படுக்கிற அறைக்கு வெளியே, சன்னலோரமாகக் கட்டினோம். சுவருக்கு அங்குட்டு நீ பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கும். நான் விடுவது உனக்குக் கேட்டிருக்கும்.

பாட்டிலைக் கண்டதும் முன்னங்கால் இரண்டையும் தூக்கி என் தோள்மேல் போடுவாய். ஆட்டுக்குட்டி அளவு இருந்த காலத்தில் அது எவ்வளவு அழகு! "தாயக் கட்டிப்பிடிக்கிது பாரு" என்று லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்து உனக்குப் பன் வாங்கிக் கொடுத்தார்கள். பழைய செட்டியார் வீடு ஒன்றை ஓட்டலாக்கியிருக்கிற இடத்துக்கு அப்பா நம்மைக் கூட்டிப்போனபோது, வெளியூர்க்காரர்கள் அதை மறுபடி மறுபடி செய்யச் சொல்லிப் படம் எடுத்தார்கள். நான் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். உன் காலின் கனம் கூடிக்கொண்டே போனது எனக்குத் தெரியாமல் இல்லை. என் மகன் வளர்கிறான் என்று சந்தோஷப்பட்டேன். குதிரைக்குட்டி தாய்மேல் காலைத் தூக்கிப் போட்டால் தாய் ஒரு கடி கடித்துத் தள்ளிவிடும். நாங்கள் பன் கொடுத்தோம்.

செட்டியார் வீடுகளில் ஆண்பிள்ளைகளுக்குப் புதுமை என்று ஒரு சடங்கு உண்டு. சின்னப் பையனுக்குப் பட்டும் நகையும் மாலையும் போட்டு, குதிரைமேல் உட்காரவைத்து, மேளதாளத்தோடு பிள்ளையார் கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். போன கார்த்திகையில் நேமத்தான்பட்டியில் ஒரு வீட்டில் உன்னைக் கேட்டார்கள். நீ சாம்பல் நிறத்துக்கு வெளுத்திருந்தாய். சின்னப் பையனுக்குச் சின்னக் குதிரை பாந்தமாக இருக்கும் என்று அந்த வீட்டு ஆச்சி சொன்னாராம். இரண்டு பிள்ளைகளுக்குச் சேர்த்து வைத்த சடங்கு என்பதால் நாச்சியாபுரத்திலிருந்து இன்னொரு குதிரையும் வந்திருந்தது, வயதான ஒரு பெட்டை. அவளைப் பார்த்ததும் உனக்கு உடம்பு உதறியது. அவள் காதைப் பின்னால் மடக்கி ஒரு சீறு சீறியதும் பாய்ந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாய். "அடி ஆத்தி, மாப்பிள்ள பொண்டாட்டியப் பாத்து ஓடுறாரு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் இனத்தைக் கண்டு பயப்படுகிற குதிரையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எப்போதும் நான் உனக்கு முன்னால் நடப்பேன். அன்று பட்டுச்சேலைக் கூட்டத்தையும் வீடியோ விளக்கையும் பார்த்து எனக்குக் கால் வரவில்லை. பந்தல் காலுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். பையனை உன்மேல் உட்காரவைத்து அப்பா கடிவாளத்தைப் பிடித்து நடத்தினார். கொஞ்ச தூரம் போய் நின்றாய். தலையைத் தூக்கி இங்குட்டும் அங்குட்டும் தேடினாய். என்னைக் கண்டுவிட்டாய். அப்பாவின் கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டு போனது. முதுகில் பையனோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, நாங்கள் பழக்கியபடியே, இரண்டு காலையும் தூக்கி என் தோளில் போட்டாய். காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பையன் பின்பக்கம் சரிந்து, ஓடிவந்த அவன் அப்பாவின் கையில் விழுந்தான். ஒரு கீறல்கூட இல்லை. "அப்பச்சி, குதிரை டான்ஸ் ஆடுச்சு! இன்னொரு தடவ ஆடச் சொல்லுங்க!" என்று கத்தினான். அவன் ஒருவன்தான் சிரித்தான். அவன் அப்பா அவனை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டார். ஆச்சி திட்டவில்லை. "பிள்ளைய உள்ள கொண்டுபோங்க" என்றவர், என் பக்கம் திரும்பி, "ஒனக்குல்ல அடிபட்டிருக்கு ஆத்தா, உக்காரு" என்று தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ என் பக்கத்தில் நின்று பன்னுக்குக் காத்திருந்தாய்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் உன்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அப்பா போயிருக்கமாட்டார். தோளில் கட்டோடு உன்னைப் பார்க்க வந்தேன், நீ மறுபடி காலைத் தூக்கினாய். அம்மா விளக்குமாற்றோடு நடுவில் வந்து விழுந்தாள்.

"இன்னைக்கு ஒன் எலும்பு. நாளைக்குத் தெருவுல போற பிள்ள மண்ட" என்றார் அப்பா. "இனி இது இங்க வேணாம்த்தா."

"கட்டியே போட்டுருவம்ப்பா."

"ஆயுசுக்குமா?"

அப்பா நாலு பேரிடம் சொல்லிவைத்தார். பந்தய வண்டி ஓட்டுகிற ஒருவர் வந்து உன் காலைத் தட்டிப் பார்த்தார். "ஆளு குட்டையா இருந்தாலும் ஓடும். திமிர நாலு சாட்டையில எறக்கிப்புடலாம்" என்றார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பிறகு மலையிலிருந்து ஒருவர் வந்தார். கொடைக்கானலுக்குக் கீழே, ரோடு போகாத ஊர்களுக்கு அரிசியும் சிமெண்டும் மட்டக்குதிரைகளில் ஏற்றிப் போகிறவர். அவர் காலைத் தட்டவில்லை. உன்னையும் என்னையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தான் குதிரைங்கிறதே இவனுக்குத் தெரியல பாப்பா. என் குதிரைக கட்டாம மேயிறதுக. கடிக்கும், ஒதைக்கும், அப்பறம் சேத்துக்கும். ஆனா நீ வரக் கூடாது. நீ வந்து நின்னா இவன் அதுக பக்கம் திரும்ப மாட்டான்."

"எப்ப வந்து பாக்கலாம்?" என்று அம்மா எனக்காகக் கேட்டாள்.

"வராம இருந்தா நல்லதுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நீ சரி என்றால்தான் சரி என்று அவர் கண் சொன்னது. நான் தலையாட்டினேன்.

மினி லாரியில் ஏறமாட்டேன் என்று நீ காலை ஊன்றிக்கொண்டாய். பலகை போட்டு அவர்கள் இழுத்தார்கள், தள்ளினார்கள், தவிட்டைக் காட்டினார்கள். "விடுங்க" என்று நான் முன்னால் ஏறினேன். நீ ஒரு நொடி யோசிக்கவில்லை. பின்னாலேயே ஏறி வந்து என் கட்டுப் போட்ட தோளில் மூக்கை வைத்தாய். இந்தத் தடவை காலைத் தூக்க இடம் இல்லை. கயிற்றைக் கட்டினார்கள். பக்கவாட்டில் ஒரு கம்பியைக் கழற்றி, அந்த வழியாக அப்பா என்னை இறக்கிவிட்டார். நீ கனைக்கவில்லை. நான் எங்கேயோ பக்கத்தில்தான் இருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். லாரி திரும்புகிறவரை உன் காது என் பக்கமாகவே இருந்தது. சவரியம்மா அத்தைக்கு இரண்டு பையன்கள். இரண்டு பேரும் சிங்கப்பூரில். அன்றைக்கு அவர் ஒரு கேலியும் பேசவில்லை. "வண்டி கெளம்புற வரைக்கும் அழுகக் கூடாதுத்தா. அப்பறம் அழுதுக்க" என்று மட்டும் சொன்னார்.

நான் சொல்லி அனுப்பியிருக்க வேண்டியவை சில இருக்கின்றன. அங்கே யாரும் உனக்கு வாளியில் தண்ணீர் வைக்கமாட்டார்கள். ஓடையில் மற்றவை குனிந்தால் நீயும் குனி. மழை வந்தால் கூரையைத் தேடாதே. உன் இனத்துக்குக் கூரை கிடையாது. காற்றுக்கு முதுகைக் காட்டி நில், பக்கத்தில் இன்னொரு முதுகு இருந்தால் அதோடு ஒட்டி நில். மூட்டைக் கயிற்றை இறுக்கும்போது வயிற்றை உப்பி வைத்து ஏமாற்றுவாயே, அப்பாவிடம் செல்லும், மலைச் சரிவில் செல்லாது. கயிறு தளர்ந்தால் மூட்டையோடு நீயும் போவாய். இறக்கத்தில் அவசரப்படாதே. மூத்தது உன்னைக் கடித்தால் மனிதர்களிடம் ஓடிவராதே. தலையைத் தாழ்த்திக்கொண்டு அங்கேயே நில். நான் கடிக்காமல் விட்டதையெல்லாம் அது சேர்த்துக் கடிக்கும், வாங்கிக்கொள். உல்லாசப் பயணிகள் பிஸ்கட்டோடு வந்து தோளைக் காட்டினால் காலைத் தூக்காதே. அதை மட்டும் எப்படியாவது மறந்துவிடு. மனிதர்களின் அன்பு இப்படித்தான், தங்களுக்கு அழகாக இருக்கிறவரை உன்னைக் குட்டியாகவே வைத்திருக்கும். என் அன்பும் அதில் சேர்த்திதான்.

நீ போன கொஞ்ச நாளில் மலைக்காரரிடமிருந்து போன் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார். "தண்ணி குடிக்கிறான், தீனி தொட மாட்டேங்கிறான். வேலியோரம் லாரி வந்த பாதையவே பாத்துக்கிட்டு நிக்கிறான். விலா எலும்பு தெரியுது. நான் சொன்னதே தப்போனு இருக்கு பாப்பா. ஒரு வார்த்த பேசு. ஒன் சத்தத்தக் கேட்டாவது வாய் வைக்கட்டும். இந்தா, காதுகிட்டப் பிடிக்கிறேன்."

"பேசுடி" என்றாள் அம்மா. "செத்துகித்துப் போயிறப்போகுது. பேசு."

போனை வாங்கினேன். உன் மூச்சு கேட்டது, சன்னலுக்கு அங்குட்டு கேட்கிற அதே மூச்சு. பேசினால் அன்றைக்குத் தின்பாய். மறுநாளும் பேச வேண்டும். ஆயுசு முழுக்க நீ அந்த வேலியோரத்தில் ஒரு போனுக்காக நிற்பாய். பேசாவிட்டால் செத்தும் போகலாம். எது நடக்கும் என்று சொல்ல யாரும் இல்லை, அவருக்கே தெரியவில்லை. வாய் திறக்காதவள் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவள் நான். அன்றைக்குப் பேச்சு தொண்டைவரை வந்து முட்டியது. துப்பட்டாவைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சல் உனக்குக் கேட்டிருக்க வேண்டும். கனைத்தாய். பசிக்கும்போது என்னைக் கூப்பிடுகிற கனைப்பு. அம்மா என் கையைப் பிடித்து உலுக்கினாள். மறுபடி கனைத்தாய், இன்னும் சத்தமாக. துப்பட்டாவை இன்னும் இறுக்கிக் கடித்தேன். அப்புறம் வெறும் காற்றுச் சத்தம். அது எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு எங்கோ மேலேயிருந்து இன்னொரு குதிரை பதில் கொடுத்தது. கரகரத்த கிழட்டுக் குரல். உன் மூச்சு நின்றது. அடுத்து நீ கனைத்தது அதற்கு. அப்படி ஒரு கனைப்பை உன்னிடம் நான் கேட்டதே இல்லை. குளம்புச் சத்தம் போனைவிட்டு விலகிப் போனது. "டேய், எங்கடா போற!" என்று மலைக்காரர் கத்தினார். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "கிழவிகிட்டப் போயிட்டான் பாப்பா. நீ என்ன சொன்ன அவன்கிட்ட? எனக்கு ஒண்ணும் கேக்கலயே" என்றார்.

அப்பா போனை வாங்கி, "ஒண்ணும் சொல்லலங்க" என்றார்.

இப்போது தின்கிறாயாம். கிழவி பின்னாலேயே திரிகிறாயாம். உன் கழுத்தில் அவள் பல் பட்ட தழும்பு இருக்கிறதாம். சின்ன மூட்டை ஏற்றிப் பழக்குகிறார்களாம். இதெல்லாம் அப்பா கேட்டுச் சொல்வது. போன் வந்தால் நான் வீட்டுக்கு வெளியே போய்விடுவேன். அம்மா அன்று என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றாள். பிறகு வந்து, கட்டுப் போட்ட கையால் என்னால் முடியாது என்று, எனக்குத் தலை வாரிவிட்டாள். இவ்வளவு எழுதியும் உன் பெயரை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. எழுதினால் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். படித்தால் நாளைக்கும் சொல்லத் தோன்றும். வாய்க்குப் பழகிவிட்டால், என்றைக்காவது அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கிச் சொல்லிவிடுவேன். நீயும் கிழவியை விட்டு வேலியோரத்துக்கு வந்துவிடுவாய்.